காப்பார் சாலையில் கரி லோரி

ரப்பர் விலை விழுந்த அந்த வருடங்களில் மலாயாவின் தோட்டங்கள் முதலில் நிறுத்தியது லோரிகளை. ஆட்களை நிறுத்தியது அதற்குப் பிறகுதான். என் கணவர் கிள்ளானுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். இனி பெட்ரோல் வாங்கிக் கட்டுப்படியாகாது என்று ஒரு காலையில் லோரியைக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டினார்கள். ரப்பர் ஷீட்டுகளை மாட்டு வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். அவருக்கு மாடு ஓட்டத் தெரியாது. கொஞ்ச நாள் புல் வெட்டினார். பிறகு அந்த வேலையும் போய்விட்டது.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. தோட்டத்து லயத்தில் கொடுத்திருந்த ஒற்றை அறைக் காம்பராவைக் காலி செய்துவிட்டு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் அப்பாவின் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தோம். வேலை போனவர்களைக் கப்பலில் இலவசமாக இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார் அவர்.

"அங்க போயி என்ன செய்யப் போறோம்?" என்று கேட்டேன்.

"இங்க இருந்து என்ன செய்யப் போறோம்?" என்றார்.

அவருக்காவது அங்கே ஓர் அண்ணன் இருந்தார். நான் இங்கேயே, ரயில் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். கடலையே துறைமுகத்துப் பக்கம் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அதைத் தாண்டிப் போய் நான் யார் வீட்டு வாசலில் நிற்பது?

கப்பலுக்காகக் காத்திருந்த அந்த நாட்களில்தான் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த ஒரு செங்கல் சூளை மைதானத்தில் தினமும் புகை எழுவதைக் கவனித்தேன். அந்தச் சூளை எப்போதோ அணைந்து போனது. விசாரித்தபோது அப்பா சொன்னார்: செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், கையிலிருந்ததை எல்லாம் போட்டுப் பழைய லோரி ஒன்றை வாங்கி, அதைக் கரியில் ஓட்டப் பார்க்கிறாராம். டிரைவர் தேடுகிறாராம். வந்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டு, வெடித்தால் எலும்புகூடக் கிடைக்காது என்று சொல்லிப் போய்விட்டார்களாம்.

"நானும் அதேதான் சொல்லுவேன்," என்றார் என் கணவர்.

"சொல்லுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துட்டு வருவோமே," என்றேன். வீட்டுக்குள் அடைந்து கிடந்து அவருக்கும் சலித்துப் போயிருக்க வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடவே போனேன்.

லோரியின் முன்பக்கம், டிரைவர் உட்காரும் இடத்தை ஒட்டி, ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய் நிமிர்ந்து நின்றது. அதன் அடியிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டு, தேங்காய் நார் அடைத்த இரண்டு டிரம்களுக்குள் நுழைந்து வெளியே வந்து என்ஜினுக்குப் போனது. கைலியும் ரயில்வே காக்கிச் சட்டையும் போட்ட ஒல்லியான மனிதர் பீப்பாயின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முகம் முழுக்கக் கரி.

"வாங்கோ. டிரைவரோ?" என்றார்.

"டிரைவர்தான். ஆனா சும்மா பாக்கத்தான் வந்தேன்."

"பாருங்கோ. பாக்கிறதுக்கு ஒருத்தரும் இஞ்ச காசு கேக்கிறேல்லை."

பீப்பாயில் கரி எரிந்தது. காற்றை அளவாக விட்டால் அது கொழுந்து விட்டு எரியாமல் ஒரு வாயுவைக் கக்கும். அந்த வாயுவை நாரில் வடிகட்டி என்ஜினுக்குக் கொடுத்தால் பெட்ரோல் செய்கிற வேலையை அது செய்யும். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். என் கணவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் புரிந்திருக்கும், ஏனென்றால் கேள்விகள் கேட்க ஆரம்பித்தார்.

"பெட்ரோலே வேண்டாமா?"

"அப்பிடி நான் சொல்லமாட்டன். வெளிக்கிடேக்க கொஞ்சம் வேணும். என்ஜின் பிடிச்ச பிறகு கரிதான்."

ஒரு சின்னக் கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் காற்றை ஊதினார். குழாயின் நுனியில் தீக்குச்சியை நீட்டினார். முதலில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு மறுபடியும் நீட்டினார். நீல நிறத்தில் ஒரு சுவாலை அசையாமல் நின்றது. உடனே அதை அணைத்துவிட்டு லோரியின் முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்றினார். என்ஜின் இருமியது, தும்மியது, பிறகு ஓடியது. ஒரு நிமிடம் கழித்துப் பெட்ரோல் வால்வை மூடினார். அது ஓடிக்கொண்டே இருந்தது.

என் கணவர் கேட்காமலே ஏறி ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டார். மைதானத்தை மூன்று நான்கு சுற்று சுற்றினார். இறங்கும்போது அவர் முகத்தில் பல மாதங்களாக நான் பார்க்காத ஒரு களை இருந்தது. ஆனால் வாய் மட்டும், "இழுவை கம்மியா இருக்கே," என்றது.

"ஓம், கம்மிதான். பெட்ரோல் மாதிரி இழுக்காது. அதை மறைச்சு உங்களைக் கூப்பிடேல்லை," என்றார் அவர். பிறகு ஓரமாகக் குவிந்திருந்த கரியைக் காட்டிச் சலித்துக்கொண்டார். எலுமிச்சம்பழ அளவுக்கு உடைத்துச் சலித்துப் போட வேண்டுமாம். தூளாக இருந்தால் அடைத்துக்கொள்ளுமாம், பெரிதாக இருந்தால் வாயு சரியாக வராதாம். அவரே உடைத்து, அவரே சலித்து, அதிலேயே பாதி நாள் போய்விடுகிறதாம்.

"நான் ஒடைச்சுத் தரேன்," என்றேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "நீ எதுக்கு?" என்றார் என் கணவர்.

"கப்பல் வர்ற வரைக்கும் சும்மாதானே இருக்கேன்."

அப்படித்தான் நாங்கள் இருவரும் அந்த லோரிக்கு வேலைக்குப் போனோம். அவரை ஐயா என்று கூப்பிட்டோம். அவர் என்னைப் பிள்ளை என்றும் என் கணவரைத் தம்பி என்றும் கூப்பிட்டார்.

காப்பார் பக்கம் கடலோரச் சேற்றில் பாக்காவ் என்கிற கண்டல் மரங்களை வெட்டிக் கரி சுடும் சூளை வைத்திருந்த ஒரு சீன முதலாளியோடு ஐயா பேசி முடித்தார். அவருடைய கரி மூட்டைகளைக் கிள்ளான் பாசாருக்கும் கோலாலம்பூருக்கும் கொண்டு போக வேண்டும். லோரிக்கு வேண்டிய கரியை அவர் கொடுத்துவிடுவார். சுமக்கிற சரக்கே லோரிக்குத் தீனி. இதை நினைத்து நினைத்து ஐயா தனக்குள் சிரித்துக்கொள்வார். நாங்கள் கிள்ளானில் காப்பார் சாலையின் ஓரத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு வந்தோம். பக்கத்தில் அத்தாப்பு ஓலையால் கூரையும் சுவரும் வைத்து லோரிக்கு ஒரு கொட்டகை. அடுத்த அறையில் ஐயா.

காப்பாருக்கும் கிள்ளானுக்கும் நடுவே தரை மட்டமானது. அங்கே லோரி சமர்த்தாக ஓடியது. கோலாலம்பூர் பாதையில்தான் தொல்லை. மேடு வந்தால் மூச்சு வாங்கும், பாதி ஏற்றத்தில் நின்றுவிடும். மூட்டைகளில் பாதியை இறக்கி, லோரியை மேலே கொண்டு போய் நிறுத்தி, மூட்டைகளை முதுகில் சுமந்து மறுபடியும் ஏற்றுவார் என் கணவர். பெட்ரோல் லோரிக்காரர்கள் தாண்டிப் போகும்போது, "அண்ணே, அடுப்புல சோறு வெந்திருச்சா?" என்று கத்திவிட்டுப் போவார்கள். வீட்டுக்கு வந்து அவர் என்னோடு பேச மாட்டார். ஒரு நாள் பேசினார்.

"கப்பல்ல போற அன்னிக்கு இந்த மூஞ்சிங்க எதையும் பாக்க வேண்டியதில்ல."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. நமக்கு வேல நடக்குதுல்ல."

"ஒனக்கென்ன, நீ கரி ஒடைக்கிற. ரோட்டுல நிக்கிறவன் நான்தானே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. ஒரு பிற்பகல் காப்பாருக்குப் புறப்படத் தயாராகப் பீப்பாய் அடுப்பை மூட்டி வைத்திருந்தார்கள். வானம் கொட்டியது. மழை விட்டதும் கிளம்பலாம் என்று கொட்டகைக்குள்ளேயே லோரியில் உட்கார்ந்திருந்தார் என் கணவர். சாரல் அடிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் கித்தான் திரையை இறக்கிவிட்டிருந்தார். நான் அறையில் தேநீர் போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மழை சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்து டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன்.

திரையை விலக்கினேன். ஸ்டியரிங்கின் மேல் தலை சாய்ந்திருந்தது. தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகம் நல்ல சிவப்பாக, காய்ச்சல்காரர் முகம் போல இருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். கை தொப்பென்று விழுந்தது. டம்ளரைப் போட்டுவிட்டு அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். எனக்கே தலை சுற்றியது. அவர் மேல் நானும், என் மேல் அவருமாக உருண்டு விழுந்தோம். எப்படி இழுத்தேன் என்று தெரியவில்லை, கொட்டகைக்கு வெளியே சேற்றில் அவரைக் கொண்டுவந்து போட்டுவிட்டேன். மழை நேராக அவர் முகத்தில் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் ஐயா ஓடி வந்தார். அவரைப் பக்கவாட்டில் புரட்டி, மார்பை அழுத்தி அழுத்தி விட்டார். "காத்து படட்டும், பிள்ளை, விலகு, காத்து படட்டும்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு வாந்தி வந்தது. கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "தார்ப்பாய் மூடியிருக்கா? மூட்டையெல்லாம் நனையப் போவுது," என்றார்.

நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கு நினைவில்லை. ஐயா மட்டும் சேற்றில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அடுப்பு வெளிவிடும் வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய இடத்தில் அது ஆளைத் தூங்க வைத்தே கொன்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். எங்களிடமும் சொல்லித்தான் இருந்தார். மழைக்கு என் கணவர் திரையை இறக்குவார் என்று மட்டும் அவர் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை அவர் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். இரவு முழுக்கத் தூங்காத முகம்.

"தம்பி, இதைக் கழட்டிப் போடப் போறன். ஒரு உயிரைக் குடுத்து எனக்கு லோரி வேண்டாம். கப்பல் வருது. நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. குறை நினைக்காதேங்கோ."

பாயில் படுத்திருந்த என் கணவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். தலைவலியில் நெற்றியைக் கட்டியிருந்தார். கப்பல் என்ற சொல்லைக் கேட்டதும் நிம்மதியாகிவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"ஐயா, பெட்ரோல் லோரி தீப்புடிச்சு செத்தவன நான் கண்ணால பாத்திருக்கேன். அதுக்காக யாராச்சும் லோரியே வேணாம்னு விட்டாங்களா? அடுப்பு என் பக்கத்துல இருக்கறதுதான் தப்பு. அத வண்டியோட பின்னால தூக்கி வைங்க. இனிமே கூரைக்கு உள்ள அடுப்பு பத்த வைக்க வேணாம். மழையோ வெயிலோ, வெட்டவெளியில நிக்கட்டும்."

"பின்னால வச்சா குழாய் நீளமாப் போகும்."

"போவட்டுமே."

கொஞ்ச நேரத்தில் கொட்டகைப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது பீப்பாயின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் கொட்டகையின் ஓலைச் சுவர்களைப் பிய்த்து எறிய ஆரம்பித்தேன். கூரையையும் நான்கு கால்களையும் தவிர எதையும் விட்டு வைக்கவில்லை. அந்த ஓலைகளைப் பிய்க்கும்போதுதான் முந்தின நாளின் பயம் என் கையை விட்டுப் போயிற்று.

அடுப்பு பின்னால் போனது. நீண்ட குழாய் லோரியின் அடிவயிறு முழுக்கக் காற்றுப் பட ஓடி என்ஜினுக்கு வந்தது. மறுபடியும் சுமை ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போன முதல் நாள், ஐயாவும் நானும் கூடப் போனோம். அடுப்பு பின்னால் போய்விட்டதால் அதைக் கவனிக்கப் பின்னால் ஓர் ஆள் வேண்டியிருந்தது. வழக்கமாக நிற்கிற மேடு வந்தது. என் கணவர் கியரைக் குறைத்தார். நான் இறங்கத் தயாராக விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். லோரி முனகியது, மெல்ல ஊர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. மேட்டின் உச்சிக்குப் போய்த்தான் அவர் நிறுத்தினார். எல்லாரும் இறங்கி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஐயா குனிந்து குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முன்னால் தொட்டார், பின்னால் தொட்டார். பிறகு நிமிர்ந்து சிரித்தார்.

"இவ்வளவு தூரம் வரேக்க வாயு ஆறிப் போகுது. ஆறினால் அடர்த்தி கூடும். என்ஜினுக்கு நல்ல சாப்பாடு. நான் இதை முதலே யோசிச்சிருக்க வேணும், தம்பி. நீ உயிருக்குப் பயந்து சொன்னது என்ர வண்டியைப் பலமாக்கிப் போட்டுது."

"நான் பயந்து சொல்லல," என்றார் என் கணவர். அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் கப்பல் வந்தது. பழைய தோட்டத்திலிருந்து கணக்கெழுதும் கிராணி ஆள் அனுப்பியிருந்தார். ஊருக்குப் போகிறவர்களின் பெட்டி படுக்கைகளைத் துறைமுகத்துக்கு ஏற்றிப் போக எங்கள் லோரியைக் கேட்டார். மற்ற லோரிகளைவிட வாடகை குறைவு. நாங்கள் குடியிருந்த அதே லயத்தின் முன்னால் கரி லோரியில் போய் இறங்கினோம். அந்தக் கப்பலில்தான் எங்களுக்கும் இடம். என் கணவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் எந்தப் பதில் வருமோ என்று பயந்தேன். வழிநெடுக அடுப்பில் கரியைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே நின்றேன்.

எனக்கு அடுத்த காம்பராவில் இருந்த பெண், என்னைவிடச் சில வயது மூத்தவள், தன் மூட்டையின் மேல் உட்கார்ந்து வந்தாள். கல்யாணமான புதிதில் எனக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டக் கைப்பிடித்துக் காட்டியவள் அவள். இரண்டு பிள்ளைகளும் அவள் மடியில் ஒண்டியிருந்தார்கள்.

"நீயும் வர்றேதானே?" என்றாள்.

"தெரியலக்கா."

"தெரியலன்னா என்ன அர்த்தம்? ஒன் பொட்டி எங்க?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. லோரியில் எங்கள் பெட்டி இல்லை. காலையில் அவர் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது அதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை போலிருக்கிறது.

துறைமுகத்தில் கூட்டம். வெள்ளைச் சட்டைக் கிளார்க் ஒருவர் பெயர்களை வாசித்து ஆட்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். எங்கள் பெயர்கள் வந்தன. என் கணவர் லோரிக்கு அடியில் குனிந்து சாம்பலை வாரிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை கூப்பிட்டதும் நிமிர்ந்தார்.

"அந்த ரெண்டு பேரும் வரல," என்றார்.

"ஏன் வரல? செத்துப் போயிட்டாங்களா?" என்றார் கிளார்க்.

"இல்லீங்க. வேல கெடச்சிருச்சு."

கிளார்க் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். பிடிமானத்துக்கு லோரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த காம்பராக்காரி என் பக்கத்தில் வந்து, கரி படிந்த என் கையைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். அம்மிக்கல்லைக் கப்பலில் ஏற்ற விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அதை லோரியிலேயே விட்டுப் போவதாகச் சொன்னாள். "நல்லா அரையும். குழவி மட்டும் கொஞ்சம் வழுக்கும், பாத்துக்க," என்றாள். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனாள். கப்பலுக்குக் கொண்டுபோகும் படகில் ஏறும்வரை அவள் தலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

திரும்பி வரும்போது லோரி காலி, புறப்படும்போது போட்ட கரியே போதும் என்பதால் முன்னால் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"பேரு குடுக்கும்போதும் ஒங்கிட்ட கேக்கல. அத எடுக்கும்போது மட்டும் எந்த மொகத்த வச்சிக்கிட்டு சொல்லுறது?" என்றார். சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய கையில் என் கையை வைத்தேன். கியர் மாற்ற வேண்டும் என்று அதை எடுத்துவிட்டார், பிறகு அவரே கையை நீட்டினார்.

அதற்கப்புறம் வேலை தானாக வளர்ந்தது. காப்பார் மீன்காரர்கள் கூப்பிட்டார்கள். தேங்காய் வியாபாரிகள் கூப்பிட்டார்கள். சாலை போடக் கல் ஏற்றும் குத்தகைக்காரர் ஒருவர் எங்கள் லோரியைச் சில வாரங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு, தன் லோரிக்கும் இதே அடுப்பு வேண்டும் என்று ஐயாவிடம் வந்தார். கொட்டகை பட்டறையானது. வேலை இல்லாமல் இருந்த செந்தூல் பட்டறைக்காரர்கள் இருவரை ஐயா கூட்டி வந்தார். எலுமிச்சை அளவுக்குக் கரி உடைக்க நான் ஒருத்தி போதவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் என்னோடு சேர்ந்தார்கள். ஒருத்தி மலாய்க்காரி. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு சலிப்போம். கண்கள் மட்டும் தெரியும். அந்தக் கண்களை வைத்தே யார் சிரிக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவோம். புதிதாக வருகிறவர்களிடம் முதல் வேலையாக நான் சொல்வது ஒன்றுதான்: பற்றிய அடுப்புக்குப் பக்கத்தில் திரை இறக்காதே.

ஐயா கட்டிய மூன்றாவது வண்டி பஸ். காப்பாருக்கும் கிள்ளானுக்கும் நடுவே ஓட அனுமதி வாங்குவதற்குள் அவர் தலைமுடி பாதி நரைத்தது. சோதிக்க வந்த அதிகாரி பின்னால் கம்பி வலைக்குள் இருந்த அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார், கேள்விமேல் கேள்வி கேட்டார். கடைசியில் அவரே அதில் ஏறிக் காப்பார் வரை போய்த் திரும்பினார். இறங்கும்போது, வெள்ளைக் காற்சட்டையில் ஒரு பொட்டுக் கரி இருக்கிறதா என்று தேடிப் பார்த்துக்கொண்டார். இல்லை. அனுமதி கிடைத்தது.

முதல் நாள் பயணிகளோடு நானும் போனேன். அப்போது எனக்கு ஏழாவது மாதம். கரிக் கொட்டகைப் பக்கம் வரக்கூடாது என்று ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், வேலை இல்லாமல், டிக்கெட் வாங்கிக்கொண்டு, முன் வரிசையில் சன்னலோரமாக உட்கார்ந்தேன். என் கணவர் ஓட்டினார். வாத்துக் கூடைகளோடு சீனப் பெண்கள், பள்ளிவாசலுக்குப் போகும் ஒரு கிழவர், தோட்டத்து ஆட்கள், எல்லாரும் பின்னால் திரும்பித் திரும்பி அடுப்பையே பார்த்தார்கள். பாதி வழியில் சாம்பலைக் கிளறிக் கரி போட பஸ் நிற்க வேண்டும். ரம்பூத்தான் மரம் ஒன்றின் நிழலில் நிறுத்தினார். பயணிகள் இறங்கிக் காலை நீட்டி, வெற்றிலை போட்டுக் காத்திருந்தார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை.

மறுவாரம் அதே மரத்தடியில் ஒரு மலாய்ப் பெண் பலகாரத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதம் பக்கத்தில் தேநீர் விற்க ஒரு தமிழர் பலகை போட்டார். என் மகள் பிறந்து நான் மறுபடியும் அந்தப் பக்கம் போனபோது அங்கே இரண்டு பெஞ்சும் ஒரு தகரக் கூரையும் இருந்தன. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களிடம் எங்கே ஏற வேண்டும் என்று தெரியாதவள் போலக் கேட்டேன்.

"கரி ஸ்டாப்புதான் இது, இங்கயே நில்லுங்க," என்றார் ஒருவர். "பஸ்ஸு நிக்காம போகாது."